ஆட்டுச் சிம்பொனி

அறுபது பேர் ஒன்றாகச் சேர்ந்து சும்மா இருக்க வேண்டிய ஓர் இடத்தில் அமெதே கஸெல் மட்டும் சும்மா இருக்கவில்லை. தன் ஆயுளில் ஊரே திரும்பிப் பார்க்கும்படி செய்த காரியம் அது ஒன்றுதான் என்று பிற்பாடு அவனே சொல்லிக்கொள்வான்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வெளியே பாரீஸ் முழுக்கச் சேறு. கச்சேரி மண்டபத்துக்குள் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை. மேடையில் சிம்பொனியின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வயலின்களும் கொம்புகளும் முரசுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே மேலே ஏறி, உச்சிக்குப் போன இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல நிற்க வேண்டும். இரண்டு தாளக்கட்டு நேரம் முழு மௌனம். அதன் அடியிலிருந்து ஒற்றைப் புல்லாங்குழல் எழும்ப வேண்டும். எழுதியவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். எழுதியவள் ஒனோரின், அமெதேயின் பெண்டாட்டி.

எல்லாரும் நின்றார்கள். வியோலா வரிசையின் கடைசி நாற்காலியில் அமெதே வில்லை அடியிலிருந்து நுனி வரைக்கும் ஆற அமர இழுத்தான். வியோலா என்பது வயலினுக்கு அண்ணன் முறை ஆகிற வாத்தியம். குரலும் அண்ணன் குரல்தான், சளி பிடித்த அண்ணன். அந்த நிசப்தத்தில் அது தன்னந்தனியாக, வெட்கமே இல்லாமல் கேட்டது.

கூரையை ஒட்டின மேல்வரிசையில் மாணவர்களும் குமாஸ்தாக்களும் சில்லறைக் காசுக்கு உட்காருவார்கள். அந்த இடத்துக்குக் கோழிக்கூடு என்று பெயர். அங்கிருந்து ஒருத்தன் தெளிவாகக் கேட்டான்:

"யாருய்யா ஆட்டை உள்ள விட்டது?"

"மே…" என்றான் பக்கத்திலிருந்தவன்.

புல்லாங்குழல்காரன் நல்ல வித்வான்தான். ஆனால் உதடு சிரித்துவிட்டால் புல்லாங்குழல் பேசாது. ஊதிப் பார்த்தான், வெறும் காற்று வந்தது. மறுபடியும் காற்று. வாத்தியக்குழுவை நடத்துகிற முசியே வால்துரே கோலைக் காற்றில் ஆட்டிக்கொண்டே, முறைக்க வேண்டிய ஆளைத் தேடினார். மண்டபம் குலுங்கியது. சிம்பொனி எப்படியோ முடிந்தது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. சிரித்துக் களைத்தவர்களின் கைதட்டல்.

அமெதே தூங்கிவிடவில்லை. தாளக் கணக்கும் தவறவில்லை. நடந்தது வேறு.

ஒனோரின் அந்தச் சிம்பொனியை இரண்டு குளிர்காலம் எழுதினாள். பாடம் கற்கிற பெண்பிள்ளைகள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், பியானோவின் தந்திகள்மேல் கம்பளித் துணியைப் போட்டுக்கொண்டு எழுதினாள். துணி போடாவிட்டால் கீழ்வீட்டு விதவை துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். அடுத்த அறையில் அமெதே கண்ணை மூடிப் படுத்தபடி சுவர்வழியே கேட்டுக்கொண்டிருப்பான். அப்போதெல்லாம் அந்த உச்சியில் மௌனம் கிடையாது. எல்லாம் நின்றதும் வியோலாக்கள் மட்டும் ஒரு நீண்ட வரி வாசிக்கும்.

"இது உனக்கு," என்று சொல்லியே அவள் எழுதினாள். கடைசி நாற்காலி வியோலாக்காரனுக்கு, ஊர் கேட்கிற மாதிரி ஒரு வரி வாழ்நாளில் கிடைப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஒத்திகைக்குத் தாள்கள் பிரதி எடுக்கப் போவதற்கு முந்தின வாரம் அவள் அதை அடித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

"அங்க ஒண்ணுமே இருக்கக் கூடாது அமெதே. எல்லாத்தையும் எடுத்துட்டாத்தான் அது நிக்குது. கோபமா?"

"கோபமா? ரெண்டு தாளக்கட்டுக்குக் கைவலி மிச்சம்," என்று சொல்லிவிட்டு அவன் சூப்பைக் குடித்தான்.

ஒத்திகைகளில் சரியாகத்தான் நின்றான். ஒத்திகைகளில் அது ஏனோதானோ என்றுதான் ஒலித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக அது வீட்டில் கேட்ட மாதிரியே கேட்டது. அதுதான் வினை. மற்றவர்கள் எல்லாரும் எதிரே இருந்த தாளைப் பார்த்து வாசித்தார்கள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதை வாசித்தான்.

மேடைக்குப் பின்னால் வாத்தியங்களைப் பெட்டிக்குள் வைக்கிற அறையில் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனோடு ஒரே தாள்பலகையைப் பங்குபோட்டு வாசிக்கிற ப்யூசோ, தொந்தி குலுங்கக் கேட்டான்: "என்னய்யா ஆச்சு உனக்கு? உன் சொந்தப் பெண்டாட்டி உருப்படி!"

உண்மை அமெதேயின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் முப்பது ஆண்பிள்ளைகள் நடுவில், ஒரு காலில் காலணி போடுவதற்குள், அதை எப்படிச் சொல்வது? விடிகாலை, சுவர், உனக்கு என்று அவள் சொன்னது. அதெல்லாம் அந்த அறையில் சொல்லக்கூடிய சங்கதியா?

"ஞாயித்துக்கிழமையாச்சேய்யா," என்றான். "வீட்ல ஆட்டுத்தொடை அடுப்புல வேகுது. நான் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கே பொறுக்கல, பேசிருச்சு."

அறை வெடித்தது. ப்யூசோ சுவரைப் பிடித்துக்கொண்டான். சிடுசிடுவென்று உள்ளே வந்த வால்துரேகூட, சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். அமெதேயின் நெஞ்சு லேசாயிற்று. அடி வாங்கப் போகிறோம் என்று நிற்கிறவனுக்குச் சிரிப்பு கிடைத்தால் எப்படியிருக்கும், அப்படி.

நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் ஒனோரின் நின்றுகொண்டிருந்தாள். தொப்பி போட்டிருந்தாள், கையுறை ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனார்கள்.

"ஒனோரின், நான் வேணும்னு…"

"உன் மப்ளர் எங்க?"

"உள்ள வச்சுட்டேன். நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"மழை வரும்போல இருக்கு. சீக்கிரம் நட."

அன்றைக்கு ஆரம்பித்தது அது. அந்த விஷயமாக அவன் நேராக ஒன்று கேட்டால், அவள் பக்கவாட்டில் ஒன்று சொல்வாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருக்கும் அவனுக்கு. தட்டுகளை உடைத்திருக்கலாம். அவர்களிடம் நல்ல தட்டுகள் இருந்தன.

பத்திரிகைகளில் ஒன்று அதற்கு 'ஆட்டுச் சிம்பொனி' என்று பெயர் வைத்தது. இன்னொன்று, ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்க முடியாத பலமும் ஒரு கணவனிடம் எதிர்பார்க்கக்கூடிய பலவீனமும் ஒரே மேடையில் வெளிப்பட்டதாக எழுதியது. அமெதே அதைப் படித்துவிட்டு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் படுபாவி என்று நினைத்தான். பிறகு அந்தத் தாளைக் கணப்பில் போட்டான்.

அந்த வாரமே வால்துரேயைப் போய்ப் பார்த்தான்.

"முசியே, தப்பு என்னுது. இன்னொரு ஞாயித்துக்கிழமை வாசிங்க. என்னை வீட்ல பூட்டி வச்சுட்டு வாசிங்க."

"கஸெல், உங்க மனைவி பெரிய திறமைசாலி."

"அப்போ இந்த சீசன்லயே வைக்கலாமா?"

"பெரிய திறமை. அந்த ரெண்டாம் பகுதி இருக்கே, அடடா."

"அடுத்த சீசன்லயா முசியே?"

"மதாமுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க." வால்துரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அப்புறம், அந்த ஆட்டுத்தொடை கதையை என் மாமியார்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

கச்சேரிகள் நடத்துகிற அந்தச் சங்கத்தில் பெண்கள் எழுதின உருப்படிக்கென்று எப்போதாவது ஓர் இடம் விடுவார்கள். அந்த இடத்தை ஒனோரின் செலவழித்தாயிற்று. அடுத்தது வேறு ஒருத்திக்கு, அவளும் எத்தனையோ வருடமாக வாசலில் நிற்கிறவள்தான். இது அமெதேக்கும் தெரியும், வால்துரேக்கும் தெரியும். சொல்லிவிட்டால் மரியாதைக் குறைவு என்று இருவரும் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

வசந்தத்தில் பதிப்பாளர் கோர்பேன் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, பியானோமேல் தொப்பியை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"மதாம், ஊரெல்லாம் ஆடுதான் பேச்சு. சூடு ஆறுறதுக்குள்ள பியானோவுக்குக் குட்டியா ஒண்ணு எழுதிக் குடுங்க. பெண்பிள்ளைங்க விருந்தாளி முன்னால வாசிக்கிற மாதிரி ரெண்டு மூணு பக்கம். பேரு 'துள்ளும் ஆட்டுக்குட்டி'. அட்டையில படம், கழுத்துல ஒரு ரிப்பன். பிச்சுக்கிட்டுப் போகும்."

"சிம்பொனியை அச்சுப் போடறதா சொன்னீங்க முசியே."

"போடுவோம், போடாம என்ன? முதல்ல குட்டி, அப்புறம் தாய்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அமெதேயும் சிரித்தான். அது ஒரு பழக்கதோஷம். யார் வேடிக்கை சொன்னாலும் கூடச் சிரித்துக் கை கொடுப்பது வேடிக்கைக்காரனுக்குத் தொழில் தர்மம். சிரித்து முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கோர்பேனின் தொப்பியை எடுத்து நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பாடங்களுக்கு நடுவில் ஒரே காலையில் ஆட்டுக்குட்டியை எழுதி முடித்தாள். நன்றாகவே இருந்தது. இடது கை துள்ளும், வலது கை அதைப் பிடிக்கப் போய் ஒவ்வொரு தடவையும் ஏமாறும். குட்டி பிச்சுக்கொண்டுதான் போயிற்று. கோடைக்காலத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், தெருவில் மூன்றாவது வீட்டிலிருந்து ஒன்று துள்ளும், எதிர்வீட்டு மாடியிலிருந்து இன்னொன்று நொண்டும். ரூவான், லியோன் போன்ற வெளியூர்களிலும் வக்கீல் வீட்டுப் பெண்களெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் அதைத் துள்ளவைத்தார்கள். ஒனோரின் கச்சேரி வைத்தால், மற்ற உருப்படிகளை எல்லாம் சனங்கள் பொறுமையோடு உட்கார்ந்து கேட்பார்கள், கடைசியில் ஆட்டுக்குட்டி வரும் என்ற தைரியத்தில். அவளும் முகம் சுளிக்காமல் அதை வாசித்துவிட்டு, எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வருவாள். தாய் அச்சாகவில்லை.

வாரா வாரம் வீட்டு விருந்துகளில் அமெதேயிடம் கதையைக் கேட்பார்கள். "மாமா, அந்த ஆட்டுக் கதை!" என்று குழந்தைகளே கேட்டார்கள். அவன் சொல்வான். நல்ல கதைக்கு ஆண்டுக்கு ஆண்டு சதை போடத்தானே செய்யும்? ஒரு வருடம் ஆட்டுத்தொடையில் பூண்டு ஏறியது. அடுத்த வருடம் பக்கத்தில் வெள்ளை அவரை வந்தது. பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்த கீழ்வீட்டு விதவை வந்து சேர்ந்தாள். கடைசியில் அவன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு, இல்லாத வியோலாவைத் தோளில் வைத்து, மூக்கால் அந்தச் சுரத்தை இழுத்துக் காட்டுவான். மேசையே அதிரும்.

அந்த இடம் வரும்போதெல்லாம் ஒனோரின் பக்கத்து விருந்தாளியிடம், "சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதில் அமெதேக்கு ஒரு கணக்கு இருந்தது. ஊர் எப்படியும் சிரிக்கப் போகிறது. தன்னைத்தானே முந்திக்கொண்டு அடித்துக்கொண்டால் அவள்மேல் அடி விழாது. முட்டாள் புருஷன் கிடைத்த கெட்டிக்காரி என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள் அல்லவா? அப்படித்தான் சொன்னார்கள். பரிதாபப்பட்டார்கள். அதை அவன் வெற்றியில் சேர்த்துக்கொண்டான்.

ஆண்டுப் பிறப்புக்குப் புருஷன் பெண்டாட்டிக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். மற்றவர்கள் கையுறையும் சாக்லேட்டும் வாங்குவார்கள். அமெதே, சிம்பொனி எழுதுகிற பெரிய தாள், முழு வாத்தியக்குழுவுக்கும் கோடு போட்டது, ஒரு கட்டு வாங்கி ரிப்பன் கட்டிக் கொண்டுவருவான். அவள் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வாங்கிக்கொள்வாள்.

"அடுத்தது எப்போ?" என்பான்.

"இந்தப் பாடங்க கொஞ்சம் குறையட்டும். ராத்திரிக்கு என்ன, முட்டைக்கோஸா, முயலா?"

ஒரு தடவை குதிரை பூட்டின ஆம்னிபஸ்ஸின் மாடியில் வைத்து, காற்றுச் சத்தத்தில் தைரியம் வந்து, நேரடியாகவே கேட்டான்: "என்னாலயா நிறுத்தினே, ஒனோரின்?"

"உன் காலர்ல சூப் இருக்கு," என்றாள்.

இருக்கத்தான் இருந்தது.

ஆற்றங்கரையில் அந்தப் பூதாகாரமான இரும்புக் கோபுரத்தை எழுப்பினார்கள். ஊர் அதைத் திட்டியது, பிறகு அதன்மேல் ஏறிப் பார்த்தது. அந்த ஆண்டில் ஒரு நாள், ஒனோரின் பாடம் சொல்லப் போயிருந்தபோது, அமெதே நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் உச்சியைப் பார்த்தான். கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு ரிப்பனும் அவிழ்க்கப்படவில்லை. அடியில் இருந்தது மஞ்சளாகி விளிம்பு சுருண்டிருந்தது. தூசி தட்டி, அதே வரிசையில் திருப்பி வைத்துவிட்டு இறங்கினான். அப்போது அவனுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

அவன் விரல்கள் மூட்டுவாதத்தில் வீங்க ஆரம்பித்தன. வியோலா வரிசையில் அதைக் கண்டுபிடிக்கவே சில வருடம் ஆயிற்று என்று அவன் சொல்லிக்கொண்டாலும், கடைசியில் ஓய்வு கொடுத்தார்கள். சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விலகுகிறவர் தன் கடைசி ஒத்திகையில் ஓர் உருப்படி கேட்கலாம். எல்லாருமாகச் சேர்ந்து அவருக்காக வாசிப்பார்கள். உட்கார்ந்து ரசிக்க யார்? காலி நாற்காலிகள்தான். விலகுகிறவர் கொம்புக்காரர் என்றால், கொம்பு முழங்குகிற உருப்படியாகப் பார்த்துக் கேட்பார்.

"வியோலாக்காரன் என்னய்யா கேப்பான்?" என்றான் ப்யூசோ. "சீக்கிரம் சாப்பாட்டுக்கு விடச் சொல்லுவான்."

"ஒனோரினோட சிம்பொனி," என்றான் அமெதே.

ப்யூசோ வில்லைத் துடைக்க ஆரம்பித்தான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு செல்லோக்காரன், சங்கத்துக்குப் புதிதாக வந்த இளைஞன், மெல்ல "மே…" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தொட்டிலில் கிடந்திருப்பான்.

வால்துரே கிழவராகியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தாள்கள் கிடைச்சா வாசிக்கலாம் கஸெல்," என்றார்.

தாள்கள் கிடைத்தன. சங்கத்து அலமாரியின் அடித்தட்டில், கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. அமெதே தூசியை ஊதிவிட்டு முதல் தாளைப் பிரித்தான். ஓரத்தில் பென்சிலால் ஓர் ஆடு வரைந்திருந்தது. வாசிப்பு இல்லாத இடங்களில் வாத்தியக்காரர்கள் தாளில் கிறுக்குவது சகஜம்தான். இரண்டாவது தாளில் இரண்டு ஆடு. கொம்பு வைத்த ஆடு, தாடி வைத்த ஆடு, வால்துரேயின் மூக்குக்கண்ணாடி போட்ட ஆடு. வருடா வருடம் எதையோ தேடி அந்த அலமாரியைத் திறந்தவர்களெல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். புல்லாங்குழல் தாளில் இருந்தது அவ்வளவு அழகான ஆடு. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு எழுத்துகளைப் பார்த்தான். மௌனம் இருக்க வேண்டிய அந்த இடத்தில், தாளுக்குத் தாள் ஏதோ எழுதியிருந்தது. 'பூண்டு சேர்க்கவும்.' 'அவரை எங்கே?' 'விதவையைக் கூப்பிடு.'

பூண்டைச் சேர்த்தது அவன். அவரையும் அவனுடையதுதான்.

மூன்று நாள் மத்தியானம் அந்தத் தூசி அறையில் உட்கார்ந்து, ரொட்டியின் உள்சதையை உருட்டி உருட்டி, ஒவ்வோர் ஆட்டையும் ஒவ்வோர் எழுத்தையும் தேய்த்து அழித்தான். ரொட்டித் தூள் மடியெல்லாம் கொட்டியது. அழிக்கும்போது எதையோ புரிந்துகொள்ளப் போகிறவன்போல அடிக்கடி கை நின்றது. புரிவதற்குள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, தன் கடைசி ஒத்திகைக்கு, ஒனோரினை அழைத்துப் போனான். எதற்கு என்று சொன்னபோது அவள் மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாணவிகள் முன்னால் மட்டும் அவனிடம் பேசுகிற மரியாதைக் குரலில், "நீங்க முன்னால போங்க," என்றாள். காலி மண்டபத்தின் நடுவில், தொப்பியைக் கழற்றாமல், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையிலிருந்து பார்க்க ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கடனே என்றுதான் வாசித்தார்கள். இரண்டாம் பகுதிக்கு வருவதற்குள் ப்யூசோ முணுமுணுப்பதை நிறுத்திவிட்டான். கடைசிப் பகுதியில் அந்த ஏற்றம் வந்தது. வயலின்கள், கொம்புகள், முரசுகள். அமெதேயின் வீங்கின விரல்கள் தந்தியைத் தேடித் தேடிப் பிடித்தன. உச்சி வந்ததும் வில்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மௌனம் வந்தது.

ஒன்றும் இல்லாத ஓர் இடம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஏறி வந்தது முழுவதும் அதற்குள் நின்றுகொண்டிருந்தது. ஓர் ஆள் வாழ்ந்து முடித்துத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. அவனுடைய வரி அங்கே இருந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அவள் எடுத்தது சரி. பிறகு புல்லாங்குழல், உதடு சிரிக்காத புல்லாங்குழல், அடியிலிருந்து எழும்பி வந்தது.

 முடிந்ததும் வயலின்காரர்கள் வில்லால் தாள்பலகையைத் தட்டினார்கள். வாத்தியக்காரர்கள் வாத்தியக்காரருக்குத் தருகிற கைதட்டல் அது. 'மே' சொன்ன இளைஞன் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான். வால்துரே திரும்பி, "மதாம், நாங்க…" என்று ஆரம்பித்தார். ஒனோரின் அவருக்குத் தலையசைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அமெதே வியோலாப் பெட்டியைச் சரியாக மூடாமலே பின்னால் ஓடினான். அவர்கள் குடியிருந்த பத்திஞோல் பேட்டை வரைக்கும் நடந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில், ஒரு பெஞ்சைக் கண்டதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவனும் உட்கார்ந்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்றான். மப்ளரோ சூப்போ வரும் என்று காத்திருந்தான்.

"நல்லா இருந்துச்சு," என்றாள்.

அவனுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் பாதி எழுந்துவிட்டான். "நான் சொன்னேன்ல? எத்தனை தடவை சொன்னேன்! வால்துரே மூஞ்சியப் பாத்தியா? அடுத்த சீசன்ல வச்சிருவாரு பாரு. நீயும் அடுத்தத ஆரம்பிச்சா…"

"வைக்க மாட்டார். நானும் ஆரம்பிக்க மாட்டேன்."

"ஏன்?"

"உள்ள ஒண்ணும் இல்ல அமெதே. அப்பல்லாம் வந்துச்சு, நான் எழுதல. ராத்திரி பகலா வந்துச்சு. பாடம் சொல்லிக்கிட்டு இருக்கும்போது வரும். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வர்ற மாதிரி அதைச் சாத்திருவேன். அப்புறம் அது வர்றதையே விட்டுருச்சு."

"உள்ள ஒண்ணும் இல்லாம இருக்கறது என் தலைதான், அதுல ஒரு…" வாய் தானாகத் திறந்து தானாகப் பேச ஆரம்பித்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

"அது சுமார்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். "இத்தனை வருஷமா. அது எனக்கு சௌகரியமா இருந்துச்சு. சுமாரான ஒண்ணு போனா என்ன, போகட்டும்னு. இன்னிக்குக் கேட்டுட்டேன். நீ எனக்கு நல்லது செய்றதா நெனச்சுத்தான் பண்ணினே. தெரியும்."

எதிரே ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் கடந்து போகும் வரைக்கும் அமெதே காத்திருந்தான். மூடாமல் வந்த பெட்டியின் கொக்கியைப் போட்டான்.

"ஒரே ஒரு தடவை சொல்லிரு, ஒனோரின். மழை, காலர், அதெல்லாம் வேண்டாம். நீ நிறுத்தினது என்னாலயா?"

"ஆமா."

இந்த ஒரு சொல் கிடைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று அவன் எத்தனையோ வருடம் நினைத்திருந்தான். இறங்கவில்லை.

"அந்தச் சத்தத்துக்காக இல்ல," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "அது என்னன்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. நான் உனக்குன்னு எழுதின வரி. நானே அடிச்சுப் போட்டதை ஒருத்தன் மறக்கலையேன்னு இருந்துச்சு. மண்டபமே சிரிக்குது, எனக்கு அழுகையா வருது, ஆனா அவமானத்துல இல்ல. உன் கையைப் பிடிச்சுக்கணும்னுதான் உள்ள வந்தேன். கையுறையைக்கூடக் கழட்டிட்டேன். நீ ஆட்டுத்தொடை கதை சொல்லிக்கிட்டு இருந்தே."

"உன்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான் நான்… என்னைப் பாத்துச் சிரிச்சா போதும்னு…"

"தெரியும். அவங்க ஒரு நாள் சிரிச்சாங்க, அமெதே. விட்டிருந்தா மறந்திருப்பாங்க. நீ விடல. வாரா வாரம் நம்ம மேசையில, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு, என் சிம்பொனியைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் சிரிக்க வச்சே, எல்லாருக்கும் முன்னால உன் சிரிப்புதான் எனக்குக் கேக்கும். அப்புறம் நான் எழுத உக்காந்தா, இதை எப்படிச் சொல்லிச் சிரிக்க வைப்பியோன்னுதான் முதல்ல தோணும். அதனாலதான் நிறுத்தினேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல."